தோர்த்து என்றே எழுதலாம்: எல்லையோரத்திலிருந்து குழந்தைகளுக்கு எழுதி வரைய வருகிறவர்களுக்கு

கேரளத்துக் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்வழிப் பள்ளி. மூன்றாம் வகுப்பு. நானே தாள் மடித்துத் தைத்த ஒரு படப் புத்தகத்தைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். "காற்று வந்தது. தாத்தாவின் துண்டைத் தூக்கிக்கொண்டு போனது." முன்வரிசையில் ஒரு பையன் கையைத் தூக்கினான்.

"எதோட துண்டு, டீச்சரே?"

எனக்குச் சட்டென்று புரியவில்லை. அவன் எழுந்து வந்து படத்தைப் பார்த்தான். பிறகு அவனே சொன்னான்: "ஓ, தோர்த்தா!"

அவன் வீட்டில் அதற்குப் பெயர் தோர்த்து. துண்டு என்றால் அவனுக்குத் தேங்காய்த் துண்டு, கரும்புத் துண்டு. என் வீட்டிலும் தோர்த்துதான். ஆனால் சென்னையில் அச்சாகி வரும் புத்தகங்களையே பார்த்துப் பழகியதால், நானும் பேசாத அவனும் கேட்காத ஒரு சொல்லை எழுதி வைத்திருந்தேன். அன்று இரவே மாற்றினேன். ஒரே ஒரு சொல்தான், ஆனால் கதை எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

எழுத்து, படம் இரண்டையும் ஒரே ஆள் செய்கிற படப் புத்தக வேலைக்கு வர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இருப்பது பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா. ஆந்திரச் சித்தூர்ப் பக்கத்துத் தமிழர்களுக்கும், மூணாறு தோட்டங்களிலும் குமுளியிலும் இருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். பகலில் ஒரு டிடிபி கடையில் வேலை பார்க்கிறேன். அதனால் அச்சு சம்பந்தமான சங்கதிகள் கொஞ்சம் கூடுதலாக வரும். புதிதாக வருகிறவர்கள் அதிகம் தடுமாறுவதும் அங்கேதான்.

எழுதுவதற்கு முன்னால் ஒரு நோட்டு

முதல் வேலை, படப் புத்தகங்களைக் கட்டுக்கட்டாக வாசிப்பது. குறைந்தது முப்பது புத்தகமாவது வாசியுங்கள். நேஷனல் புக் டிரஸ்ட், சென்னையின் தூலிகா, தாரா, பாரதி புத்தகாலயத்தின் 'புக்ஸ் ஃபார் சில்ரன்' என்று தமிழில் தேடினால் கிடைக்கும். பிரதம் புக்ஸின் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ், மலையாளம், தெலுங்கு எல்லாவற்றிலும் இலவசமாகவே வாசிக்கலாம். நம் பஞ்சாயத்து வாயனசாலையில், அதாவது நூலகத்தில், மலையாளப் படப் புத்தகங்கள் இருக்கும், அவற்றையும் விடாதீர்கள். இரண்டு மொழிப் புத்தகங்களும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது எல்லையோரத்துக்காரர்களுக்கு வாய்த்த வசதி.

வாசித்த பிறகு ஒரு பயிற்சி. ஏதாவது ஒரு படப் புத்தகத்தின் சொற்களை மட்டும் நோட்டில் எழுதுங்கள். படத்தைப் பார்க்காத ஒருவருக்கு அதை வாசித்துக் காட்டுங்கள். நல்ல புத்தகமாக இருந்தால் பாதிக் கதை அவருக்குப் புரியாது. புரியாமல் போன அந்தப் பாதியைத்தான் படம் சுமக்கிறது. எந்தப் பக்கத்தில் எதைப் படத்துக்கு விட்டிருக்கிறார்கள் என்று ஓரத்தில் குறியுங்கள். நான் பத்துப் புத்தகங்களுக்கு இப்படிச் செய்தேன். ஒரு வகுப்பில் உட்கார்ந்து கற்றிருந்தாலும் எனக்கு இவ்வளவு தெளிந்திருக்காது.

முன்னால் நடந்தவர்களையும் தெரிந்துகொள்ளுங்கள். காயங்குளத்தில் 1902இல் பிறந்த கார்ட்டூனிஸ்ட் சங்கர், 1957இல் டெல்லியில் சில்ரன்ஸ் புக் டிரஸ்ட்டைத் தொடங்கியவர். கேரளத்தில் தாத்தாவோடு கழிந்த தன் பிள்ளைப் பருவத்தைத் தானே எழுதி, தானே படமும் வரைந்தார். மலையாளத்திலிருந்து தமிழுக்கு நிறையக் கொண்டுவந்திருக்கும் யூமா வாசுகி ஓவியரும்கூட. 2024ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமியின் பால சாகித்ய புரஸ்கார் தமிழில் அவருக்குத்தான். அதற்கு முந்தைய ஆண்டு அந்த விருதைப் பெற்ற உதயசங்கரும் மலையாளச் சிறார் கதைகளைத் தமிழாக்கியவர். மலையாளம் தெரிந்த தமிழ் எழுத்தாளருக்கு இந்தத் துறையில் வேலை உண்டு என்பதற்கு இவர்களே போதும்.

ஒரு புத்தகம், ஒரு சங்கதி

புதியவர்கள் கொண்டுவரும் கதைகளில் யானை வரும், காடு வரும், நட்பு வரும், சுத்தம் வரும், கடைசியில் மரம் நடச் சொல்லும் அறிவுரையும் வரும். நான்கு முதல் ஏழு வயதுக் குழந்தைக்கு ஒரு புத்தகத்தில் ஒரு சங்கதி போதும். என் கதையில் நடப்பது இவ்வளவுதான்: காற்று தாத்தாவின் தோர்த்தைக் கொண்டுபோகிறது, பேத்தி மீனு அதைத் திரும்ப வாங்கப் பார்க்கிறாள். இந்த வயதுக்கு முந்நூறு நானூறு சொற்களுக்கு மேல் அநேகமாகத் தேவைப்படாது.

ஒரு பக்கம் எப்படிச் சுருங்கியது என்று காட்டுகிறேன். முதல் பிரதியில் இப்படி எழுதியிருந்தேன்:

"மார்கழி மாதத்தில் கணவாய் வழியாகக் காற்று பலமாக வீசியது. பனைமரங்கள் எல்லாம் ஆடின. தாத்தாவின் தோளில் இருந்த வெள்ளைத் தோர்த்து பறந்துபோய், உயரமான ஒரு பனையின் உச்சியில் மாட்டிக்கொண்டது. அதைப் பார்த்து மீனு சிரித்தாள்."

பென்சிலை எடுத்து, படத்தில் தெரியப்போவதை எல்லாம் அடித்தேன். காற்று பலம் என்பது சாய்ந்த ஓலையில் தெரியும். வெள்ளை என்பது தெரியும். பனையும் அதன் உயரமும் தெரியும். மீனு சிரிப்பதும் தெரியும். மிச்சம் என்ன? படத்தால் காட்ட முடியாதவை இரண்டு: காற்றின் சத்தம், தாத்தாவின் குரல். வலப்பக்கம் இப்படி ஆனது:

"உஸ்ஸ்ஸ்ஸ்! 'ஐயோ, என் தோர்த்து!'"

தாளைத் திருப்பினால் புத்தகத்தைச் செங்குத்தாகப் பிடித்துப் பார்க்கும்படி இரண்டு பக்கத்துக்கும் ஒரே நெட்டைப் பனை. அடியில் ஒரே வரி:

"பனைக்கு இப்போது தலைப்பாகை."

அந்த வரி படத்தைத் திருப்பிச் சொல்லவில்லை. படத்தில் இருப்பது மரத்தில் சிக்கிய ஒரு துணி. அதைத் தலைப்பாகை ஆக்குவது சொல்தான். எழுத்தும் படமும் ஒருவரே செய்யும்போது இந்தப் பங்கீட்டை மேசையிலேயே உட்கார்ந்து முடித்துக்கொள்ளலாம். இரண்டு பேர் செய்தால் இதற்கு நாலு கடிதம் போக வேண்டும்.

டம்மி செய்வது

டம்மி என்பது அச்சுக்கு முன்னால் நாமே செய்யும் மாதிரிப் புத்தகம். பெரிய தாளின் முன்னும் பின்னும் பக்கங்களை அச்சடித்து மடிப்பதால் படப் புத்தகங்கள் பெரும்பாலும் 16, 24, 32 என்ற கணக்கிலேயே வரும். உங்கள் கதைக்கு 19 பக்கம் வேண்டும் என்றால் அச்சகத்தால் ஒன்றும் செய்ய முடியாது.

நான்கு ஏ4 தாளை அடுக்கி நடுவில் மடித்தால் 16 பக்கம். ஆறு தாளுக்கு 24, எட்டுத் தாளுக்கு 32. நடுவில் ஊசி நூலால் மூன்று தையல் போடுங்கள், பின் அடித்தால் பிள்ளைகள் கையில் குத்தும். முதல் பக்கம் தலைப்பு, இரண்டாம் பக்கம் பதிப்பு விவரம் என்று ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் கதையைப் பரப்புங்கள். படம் பென்சில் கிறுக்கலாக இருந்தால் போதும். இந்தக் கட்டத்தில் வண்ணம் தீட்டிவிட்டால், அந்தப் பக்கம் சரியில்லை என்று தெரிந்த பிறகும் தூக்கிப்போட மனசு வராது.

டம்மியின் முக்கிய வேலை, தாள் திரும்பும் இடத்தைக் கண்டுபிடிப்பது. வலப்பக்கத்தின் கடைசியில் ஒரு கேள்வியோ சத்தமோ, பாதியில் நிற்கும் காரியமோ இருந்தால் குழந்தையின் கை தானாகத் தாளுக்குப் போகும். இடப்பக்கத்திலேயே மர்மத்தை வைத்துவிட்டால், பதில் எதிர்ப்பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும். என் தோர்த்து முதல் டம்மியில் இடப்பக்கத்தில் பறந்தது. கதையின் முன்பகுதியில் ஒரே ஒரு பக்கம் கூட்டியதும் சரியாகிவிட்டது.

பிள்ளைகள் முன்னால்

சொந்தப் பிள்ளைக்கும் அக்கா பிள்ளைக்கும் வாசித்துக் காட்டினால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்லும். பழக்கமில்லாத பிள்ளைகள் வேண்டும். பள்ளியாக இருந்தால் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்குங்கள். இது உங்கள் புத்தகம் என்று சொல்லாதீர்கள். தாளைத் திருப்புகிற வேலையை ஒரு பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, வாசித்தபடியே பாருங்கள். எந்தப் பக்கத்தில் கண் ஜன்னல் பக்கம் போகிறது, எங்கே விரலால் படத்தைத் தொடுகிறார்கள், எங்கே பக்கத்துப் பிள்ளையிடம் பேசுகிறார்கள் என்று பார்த்து, வெளியே வந்ததும் டம்மியின் ஓரத்தில் பென்சிலால் குறியுங்கள்.

இரண்டாம் முறை ஆசிரியரையோ வேறு யாரையாவதோ வாசிக்கச் சொல்லிவிட்டுப் பின்வரிசையில் உட்காருங்கள். நம் வாக்கியத்தை நாம் வாசிக்கும்போது நெளிவு சுளிவெல்லாம் நமக்குத் தெரியும். இன்னொருவர் நாக்கு தடுக்கும் இடத்தில் குறை வாக்கியத்தில்தான்.

எந்தத் தமிழில் எழுதுவது

நம் பக்கத்துக்காரர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். நம் பேச்சில் மலையாளம் கலந்திருக்கிறது, கொங்குத் தமிழ் இருக்கிறது, பள்ளிக்கூடத் தமிழ் வேறாக இருக்கிறது. எதை எழுதுவது?

கண்ணுக்குத் தெரியும் பொருளுக்கு நம் ஊர்ச் சொல்லையே தயங்காமல் போடலாம் என்பது என் முடிவு. படப் புத்தகத்தில் அருஞ்சொல் விளக்கம் தேவையில்லை, படமே விளக்கம். தூத்துக்குடிக் குழந்தைக்குத் தோர்த்து என்ற சொல் தெரியாது. ஆனால் தாத்தா தோளில் அது கிடக்கிறது, அடுத்த பக்கத்தில் பறக்கிறது, அதற்கடுத்த பக்கத்தில் பனை உச்சியில் தொங்குகிறது. மூன்று பக்கத்தில் அந்தச் சொல் அவளுடையதாகிவிடும். நாவல் எழுதுகிறவருக்கு இந்த வசதி இல்லை. நமக்கு இருக்கும்போது அதை ஏன் விட வேண்டும்?

வரைய முடியாத சொற்களில்தான் கவனம் வேண்டும். 'சங்கடம்' என்று எழுதினால் எங்கள் தெருப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அது துக்கம், மலையாளப் பொருள். பொள்ளாச்சிப் பிள்ளைக்கு அது தர்மசங்கடம். அந்த இடத்தில் 'அழுகை வந்தது' என்று எழுதிவிட்டால் இரண்டு பேருக்கும் ஒன்றே. 'பட்டி' இன்னும் வேடிக்கை. தமிழில் ஆட்டுப்பட்டி, மலையாளத்தில் நாய். அதை நான் ஒரு கதையில் வேண்டுமென்றே வைத்திருக்கிறேன். படத்தில் ஆடுகள் நிற்பதால் குழப்பமும் தீர்கிறது, இரண்டு மொழியும் தெரிந்த பிள்ளைகளுக்குச் சிரிப்பும் வருகிறது.

வினைச்சொல்லையும் வாக்கிய அமைப்பையும் பொதுத் தமிழிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு வரும் இடங்களில் மட்டும் ஊர்ப் பேச்சு. உறவுப் பெயரை வீட்டுக்கு வீடு யோசிக்க வேண்டும். இங்கேயே ஒரு வீட்டில் அப்பாரு, ஒரு வீட்டில் தாத்தா, அடுத்த வீட்டில் முத்தச்சன். உங்கள் கதைக் குடும்பம் எந்த வீடு என்று முதலில் முடிவு செய்துவிட்டு, கடைசிப் பக்கம் வரை அதிலேயே நில்லுங்கள்.

பதிப்பாசிரியர் மாற்றச் சொல்வார். எனக்கும் 'துண்டு' என்று மாற்றச் சொல்லித்தான் கடிதம் வந்தது. மூன்று பக்கப் படங்களையும் அனுப்பி, அந்தப் பையன் கேட்ட கேள்வியையும் எழுதினேன். ஒத்துக்கொண்டார்கள். வேறு ஏழெட்டு இடங்களில் அவர்கள் சொன்ன திருத்தம்தான் சரி, அவற்றை நான் ஏற்றுக்கொண்டேன். எதற்காக நிற்க வேண்டும் என்று நமக்குத் தெளிவாக இருந்தால் மற்றவற்றை விட்டுக்கொடுப்பது எளிது.

வரைதல்

முதலில் பாத்திரத் தாள். ஒரே தாளில் மீனு நிற்பது, ஓடுவது, குனிவது, முதுகு காட்டி நிற்பது என்று பத்து நிலைகள். பின்னல் ஒன்றா இரண்டா, பாவாடையின் கரை என்ன நிறம், செருப்பு உண்டா என்பதைப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். எட்டாம் பக்கத்தில் இருந்த கம்மல் ஒன்பதாம் பக்கத்தில் காணாமல் போனால் முதலில் கண்டுபிடிப்பது குழந்தைதான்.

பிறகு இடம். நேரில் போய் உட்கார்ந்து வரையுங்கள். பனையை நினைவிலிருந்து வரைந்தால் அது தென்னையாகிவிடுகிறது, எனக்கும் அப்படித்தான் ஆனது. பனையோலை விசிறி, தென்னையோலை இறகு. பனையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் பாளையையும் நுங்குக் குலையையும் ஒரே மரத்தில் போட்டுவிட்டால், கள் இறக்கும் வீட்டுப் பிள்ளை மூன்று பேருக்கு முன்னால் உங்களைத் திருத்துவான்.

காற்றை வரைவதற்கு எனக்கு ஒரு மாதம் ஆனது. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. மார்கழிக் காற்று கிழக்கிலிருந்து மேற்கே போகும். தமிழ்ப் புத்தகத்தை இடமிருந்து வலமாக வாசிக்கிறோம், ஆகவே தோர்த்தும் இடமிருந்து வலமாகப் பறந்தால்தான் வாசிக்கிறவரைத் தாளோடு இழுத்துக்கொண்டு போகும். கிழக்கு இடப்பக்கம் வர வேண்டும் என்றால் பார்க்கிறவர் தெற்கே பார்த்து நிற்க வேண்டும். அப்படியானால் பின்னணியில் வரவேண்டியது ஆனைமலை. நான் முதலில் நீலகிரியின் வரிசையைப் பார்த்து வரைந்து வைத்திருந்தேன். எல்லாவற்றையும் திரும்ப வரைந்தேன். இதை யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று கடையில் சொன்னார்கள். இங்கே பிறந்த பிள்ளை கவனிப்பாள் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஓலை, புகை, மீனுவின் முடி, கோழியின் வால் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால்தான் அது காற்று.

இனி அளவு. புத்தகம் எட்டரை அங்குலச் சதுரம் என்றால், விரித்த இரண்டு பக்கத்துக்கும் அகலம் 17 அங்குலம். அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். ஆக 5100க்கு 2550 பிக்சல். வெட்டும்போது ஓரத்தில் வெள்ளை தெரியாமலிருக்க நான்கு புறமும் 3 மில்லிமீட்டர், அதாவது சுமார் 35 பிக்சல், படத்தை நீட்டி வரையுங்கள். புத்தகம் மடியும் நடுப்பகுதியில் முகத்தையோ கையையோ வைக்காதீர்கள், தையலுக்குள் போய்விடும். தாளில் வரைகிறவர்கள் போனில் படம் பிடித்து அனுப்ப வேண்டாம். ஓரம் வளைந்து, ஒரு பக்கம் இருண்டு வரும். நல்ல ஸ்கேனரில் 600 புள்ளியில் எடுங்கள். திரையில் பளிச்சென்று தெரியும் பச்சையும் நீலமும் நான்கு மை அச்சில் மங்கும். இறுதி வண்ணத்துக்கு முன்னால் ஒரு பக்கத்தையாவது அச்சடித்துப் பாருங்கள்.

எழுத்தைப் படத்தோடு சேர்த்து வரைந்துவிடாதீர்கள். ஒரே புத்தகத்தைத் தமிழ், மலையாளம், தெலுங்கு என்று பல மொழிகளில் போடும் பதிப்பகங்கள் வண்ணத் தகடுகளைப் பொதுவாக வைத்துக்கொண்டு கறுப்புத் தகட்டை மட்டும் மொழிக்கு மொழி மாற்றி அச்சடிப்பதுண்டு. எழுத்து கறுப்பில், தனியாக, வெளிர் நிறப் பின்னணியில் இருந்தால்தான் இது நடக்கும். இருண்ட வானத்தில் வெள்ளை எழுத்து அழகுதான், ஆனால் உங்கள் புத்தகம் எல்லை தாண்டி மலையாளத்துக்குப் போகும் வழியை அது அடைத்துவிடும். எழுத்துக்கு ஒதுக்கும் இடத்தையும் தாராளமாக விடுங்கள். ஆங்கிலத்தில் ஒரு வரிக்குள் முடிவது தமிழில் ஒன்றரை வரி பிடிக்கும்.

யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். வடிவமைப்பு மென்பொருளில் சரியான அமைப்பு இல்லாவிட்டால் கொம்பு இடம் மாறி, 'கொ' உடைந்து தனித்தனியாக நிற்கும். கடையில் வாரத்துக்கு இரண்டு முறையாவது இதைச் சரிசெய்கிறேன். மெய்ப்பு, அதாவது பிழை பார்ப்பதற்கான பிரதி, வந்ததும் கதையை வாசிக்காமல், கொம்பையும் காலையும் மட்டும் எழுத்து எழுத்தாகப் பார்க்க ஒரு சுற்று ஒதுக்குங்கள்.

அனுப்புவது

ஒரு பத்தியில் கதைச் சுருக்கம், முழுக் கதையின் தட்டச்சுப் பிரதி, பென்சில் டம்மியின் பிடிஎஃப், முழுதாக வண்ணம் தீட்டிய இரண்டு அல்லது மூன்று விரிப்புகள் (விரித்தால் எதிரெதிரே தெரியும் இரண்டு பக்கம் ஒரு விரிப்பு). அவ்வளவு போதும். எல்லாப் பக்கத்தையும் முடித்து அனுப்பினால், திருத்தம் வரும்போது உழைப்பு வீணாகும். பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம். அந்த நேரத்தில் அடுத்த டம்மியைத் தொடங்குங்கள்.

1996இல் தொடங்கிய தூலிகா பல இந்திய மொழிகளிலும் இருமொழிப் புத்தகமாகவும் வெளியிடுவதால் எல்லையோரக் கதைக்குப் பொருத்தம். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' மாத இதழ், அறிவியல் சார்ந்து எழுதி வரைகிறவர்களுக்கு நல்ல பழகுகளம். மலையாளத்திலும் எழுத வருமென்றால் 1981இல் கேரள அரசு திருவனந்தபுரத்தில் தொடங்கிய பால சாகித்ய இன்ஸ்டிட்யூட்டின் வெளியீடுகளையும் அதன் 'தளிர்' இதழையும் பார்த்து வையுங்கள். 'ஸ்டோரிவீவர்' தளத்தில் நீங்களே பதிவேற்றலாம். ஆனால் அங்கே போடும் கதையை, உங்கள் பெயரைக் குறிப்பிட்டு, யார் வேண்டுமானாலும் மொழிபெயர்க்கவும் மாற்றவும் விற்கவும் முடியும். அதற்குச் சம்மதம் என்றால் மட்டும் போடுங்கள்.

சொந்தமாக அச்சடிக்க நினைத்தால், புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்கு யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகவே தருகிறது.

கையெழுத்துப் போடுவதற்கு முன்

ஆரம்பத்தில் ஒரு பதிப்பகத்துக்கு இருபது படம் வரைந்து கொடுத்தேன். போனில் பேசியதுதான், தாள் எதுவும் இல்லை. சொன்ன பணம் வந்தது. இரண்டு வருடம் கழித்து அந்தப் படங்களில் ஆறு, வேறொரு புத்தகத்தில், என் பெயர் இல்லாமல் இருந்தன. பிறகுதான் சட்டத்தை எடுத்து உட்கார்ந்து வாசித்தேன். நீங்கள் முதலிலேயே வாசித்துவிடுங்கள்.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எந்த உரிமை, எத்தனை வருடம், எந்த நாட்டுக்கு, எவ்வளவு பணம் என்பது அதில் வர வேண்டும். வருடம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் 19ஆம் பிரிவு எடுத்துக்கொள்கிறது. வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அது முடிந்துபோகும்.

வரைகிறவர்கள் 17ஆம் பிரிவை இரண்டு முறை வாசிக்க வேண்டும். ஒருவர் காசு கொடுத்துக் கேட்டு நாம் தீட்டும் ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவரே முதல் உரிமையாளர். எழுத்துக்கு அப்படி இல்லை. ஆகவே கதையும் படமும் நம்முடையதாக இருந்தாலும் ஒப்பந்தத்தில் 'எழுத்தின் பதிப்புரிமையும் படங்களின் பதிப்புரிமையும் ஆசிரியருக்கே' என்று இரண்டையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். 57ஆம் பிரிவு, உரிமையை விற்ற பிறகும் படைப்பு நம்முடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை நமக்கு வைத்திருக்கிறது. பெயர் அட்டையில் வர வேண்டும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்வது கட்டாயமில்லை. உரிமை படைத்த நொடியிலிருந்தே உண்டு, ஆயுள் முழுக்கவும் அதன் பிறகு 60 வருடமும்.

பிழைப்பு

மனசைத் தளர்த்துவதற்காகச் சொல்லவில்லை, கணக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். 80 ரூபாய்ப் புத்தகம், ஆயிரம் பிரதி, பத்து சதவீத ராயல்டி என்று வைத்தால் 8000 ரூபாய். அந்த ஆயிரம் விற்க இரண்டு வருடம் ஆனால், மாதத்துக்கு 333. எழுத்தும் படமும் ஒருவரே என்பதால் இதைப் பங்கு போட வேண்டியதில்லை, அது ஒரு நல்லது. முடிந்தால் படங்களுக்கு முன்பணமாக ஒரு தொகையும் கேளுங்கள், கேட்பதில் தவறில்லை.

ஆகவே வேறு ஒரு வேலை இருக்கட்டும். 1922இல் ராயவரத்தில் பிறந்து 'குழந்தைக் கவிஞர்' என்று பெயர் வாங்கிய அழ. வள்ளியப்பா இந்தியன் வங்கியில் வேலை பார்த்தார். உதயசங்கர் ரயில்வேயில் இருந்தவர். நான் காலை ஐந்திலிருந்து ஏழு வரை வரைகிறேன், ஒன்பதரைக்குக் கடை. அங்கன்வாடிச் சுவர்களுக்கு வரைவது, பள்ளிகளில் புத்தகம் செய்யும் பயிலரங்கு நடத்துவது எல்லாம் கொஞ்சம் பணமும் நிறையப் பிள்ளைகளும் கிடைக்கும் வேலைகள். தொடங்கி மூன்று நான்கு வருடத்தில் ஒரு புத்தகம் வந்தால் சரியான வேகத்தில்தான் போகிறீர்கள்.

புத்தகம் வந்த பிறகு

ஒப்பந்தப்படி கிடைக்கும் இலவசப் பிரதிகளில் முதலாவது, டம்மியைக் கேட்ட வகுப்புக்கு. அடுத்தது வாயனசாலைக்கு. ஒன்றைப் பிரிக்காமல் வீட்டில் வையுங்கள். ஒன்றை மட்டும் கறிக்காய்ப் பையில் போட்டுக்கொண்டு போகிற இடமெல்லாம் வாசித்துக் காட்டுங்கள். பொள்ளாச்சி பஸ்ஸில் ஒரு சிறுமி என் புத்தகத்தின் 14ஆம் பக்கத்தில் விரல் வைத்து, "இந்தக் கோழிக்கு மட்டும் காத்து அடிக்கலையா?" என்று கேட்டாள். பார்த்தேன். எல்லாம் வலப்பக்கம் சாய்ந்திருக்க, ஒரு கோழியின் வால் மட்டும் நிமிர்ந்து நின்றது. அத்தனை சுற்றுப் பார்த்தும் தப்பியிருக்கிறது.

கடைசி அட்டையின் உள்பக்கத்தில் ஒரு தாளை ஒட்டி, இப்படி வருவதை எல்லாம் பக்க எண்ணோடு எழுதி வையுங்கள். மறுபதிப்புக்கு முன்னால் திருத்தம் உண்டா என்று பதிப்பகம் கேட்கும், பெரும்பாலும் ஒரு வாரம்தான் கொடுக்கும். அந்தத் தாளைப் படம் பிடித்து அன்றைக்கே அனுப்பிவிடலாம். என் தாளில் இப்போது நான்கு வரி இருக்கிறது. முதல் வரி: பக்கம் 14, கோழி.